தொண்டைச் சதைச் சிகிச்சையும் குழந்தைகளின் வாந்தியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உபந்நியாசம்)



நமது சங்கத்தார் கல்வி, வர்த்தகம், விவாகச் செலவு முதலிய விஷயங்களைப் பற்றி அடிக்கடி ஆலோசித்து வருவது போலவே, நம் குழந்தைகளின் தேக சௌக்கியத்தைப் பற்றியும் ஆலோசிக்க வேண்டுமென விரும்பி, மயக்க மருந்து வைத்தியத் தொழிலில் இருக்கும் என்னை இன்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம், தொண்டைச் சதை எடுக்கும் சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்கு உண்டாகும் வாந்தியும், அதைத் தடுக்கும் வகையுமாம். வாந்திக்கென்று ஓர் உபந்நியாசமா என்று சிலர் எண்ணலாம். ஆனால், சிகிச்சை முடிந்த குழந்தை வீடு திரும்புவது தாமதப்படுவதற்கும், வீடு திரும்பிய குழந்தை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கும் இவ்வாந்தி ஒரு முக்கிய காரணமாக இருக்கிறது. இது விதியால் வருவதென்று நம்மவரிற் பலர் வாளா இருக்கின்றனர். இதிற் பெரும்பகுதி தடுக்கக்கூடியதென்பதும், அத்தடுப்பில் வைத்தியருக்குள்ள கடமை போலவே குடும்பத்தாருக்கும் கடமை உண்டென்பதுமே நான் இன்று சொல்ல வந்தவை.

முதலில், தொண்டைச் சதை என்பது யாது? வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இருபுறத்திலும் பாதாம் பருப்பு அளவாக இருக்கும் இரண்டு சதைகளையே டான்சில் என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு என்பதை அறியாமல், "உள்நாக்கு வளர்ந்திருக்கிறது" என்று சொல்லுவோர் நம்மில் அநேகர். இச்சதைகள் அடிக்கடி வீங்கிப் பழுத்துச் சுரம் உண்டாக்கும்போதோ, பருத்து உறக்கத்தில் மூச்சை அடைக்கும்போதோ, அவற்றை எடுத்துவிடும்படி வைத்தியர் சொல்வர். எடுப்பது அவசியமா என்பது ஒவ்வொரு குழந்தையின் நிலைமையையும் பார்த்துக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் முடிவு செய்யவேண்டியது. அது இன்றைய விஷயமன்று. எடுப்பதென்று முடிவான பின் செய்யவேண்டியதையே பேசுகிறேன்.

தடுப்பு மருந்து ஒன்றும் கொடாதவிடத்து, இச்சிகிச்சை பெற்ற குழந்தைகளில் 100-க்கு 70 பேர் வரையில் வாந்தி எடுப்பதுண்டென வைத்திய நூல்கள் கூறுகின்றன. மற்ற அநேக சிகிச்சைகளில் இவ்வளவு இல்லை. இதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, இரத்தம். சிகிச்சையின்போதும் அதன் பிறகும் தொண்டையிலிருந்து கசியும் இரத்தத்திற் சிறிது இரைப்பைக்குள் இறங்குகிறது. இரத்தம் இரைப்பையை உறுத்தும் வஸ்து. அதனைத் தேகம் வெளியே தள்ளப் பார்க்கிறது. இரண்டாவது, நரம்பு. விரலைத் தொண்டையில் விட்டால் குமட்டுவதை யாவரும் அறிவோம். அவ்விடத்து நரம்புகள் மூளையின் அடிப்பாகத்திலுள்ள வாந்தி ஸ்தானத்துடன் சம்பந்தமுடையவை. சிகிச்சை நடப்பதும், பின்னர்ப் புண் இருப்பதும் அந்த இடத்திலேயே. மூன்றாவது, மயக்க மருந்து. சுவாசத்தின் வழியாகக் கொடுக்கும் ஆவி மருந்துகளும், நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவும் வாந்தியைத் தூண்டுவன. நான்காவது, நோவு தீர்க்கக் கொடுக்கும் அபினி வர்க்க மருந்துகள். மார்பைன் முதலிய இவை நோவை அடக்குவதோடு குமட்டலையும் எழுப்புகின்றன.

1846-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்பவர் ஈதர் என்னும் ஆவியால் ஒருவரை மயக்கி, நோவறியாமல் சிகிச்சை நடத்தக் காட்டினார். மறு வருஷம் எடின்பரோவில் ஸிம்ப்ஸன் என்பவர் குளோரபாரத்தைப் பிரயோகித்தார். நோவை ஒழித்த அம்மருந்துகள் வாந்தியை ஒழிக்கவில்லை. ஈதர் வாங்கியவர் வாந்தி எடுப்பது சகஜமென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நம் பாட்டன்மார் காலத்தில் அவ்வெண்ணத்திற்கு நியாயம் இருந்தது. இப்பொழுது அஃதில்லை.

இவ்வாந்தியால் வரும் கெடுதி என்னவெனில், குழந்தையின் உடலிலுள்ள நீர் குறைகிறது. புண்ணான தொண்டையில் புளித்த நீர் பட்டு எரிச்சல் மிகுகிறது. எரிச்சலுக்குப் பயந்து குழந்தை விழுங்க மறுக்கிறது; விழுங்காததனால் நீர் பின்னும் குறைகிறது; நோவு மருந்தும் உள்ளே தங்குவதில்லை. உமட்டி உமட்டி முக்குவதால் கழுத்து இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிப் புண்ணிலிருந்து இரத்தம் கசியவும் கூடும். 20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 1½ லிட்டரே. பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் நஷ்டம் குழந்தைக்கு அற்பமன்று.

எந்தக் குழந்தைக்கு வாந்தி அதிகமாக வரும் என்பதை முன்கூட்டியே ஒருவாறு மதிக்கலாம். ஜெர்மனி தேசத்தில் எபர்ஹார்ட் முதலிய வைத்தியர்கள் 2004-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில் நான்கு அடையாளங்கள் குறிக்கப்பட்டன: வயது 3 அல்லது அதற்கு மேற்பட்டிருத்தல், சிகிச்சை 30 நிமிஷம் அல்லது அதற்கு மேல் நீடித்தல், மாறுகண் சிகிச்சையாயிருத்தல், குழந்தைக்கோ, அதன் பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கோ முன்பு சிகிச்சைக்குப் பின் வாந்தி வந்திருத்தல். இவற்றில் ஒன்றும் இல்லாத குழந்தைகளில் 100-க்கு 9 பேரும், இரண்டு உடையவர்களில் 30 பேரும், மூன்று உடையவர்களில் 55 பேரும், நான்கும் உடையவர்களில் 70 பேரும் வாந்தி எடுப்பர் என்று அவர்கள் கணித்தனர். மாறுகண் சிகிச்சையைப் போலவே தொண்டைச் சதைச் சிகிச்சையும் வாந்திக்கு ஏதுவானதென்று இப்பொழுது வைத்தியர்கள் கொள்ளுகிறார்கள்.

இந்நான்கில் கடைசியாகச் சொன்ன அடையாளத்தைக் கவனியுங்கள். மற்ற மூன்றையும் வைத்தியர் தாமே அறிவார். நாலாவதைக் குடும்பத்தார் சொன்னாலன்றி அறியார். இங்கேதான் நம்மவரிடத்துள்ள ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்கும்போது முன்னே நிற்பவர் தகப்பனாராவது பெரியப்பாவாவது இருப்பார். குழந்தையைப் பத்து மாதம் சுமந்து, இரவெல்லாம் கண்விழித்து வளர்த்த தாயார் நாலடி பின்னே நிற்பார். "வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தினால் உபத்திரவம் உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றும் இல்லை" என்று முன்னே நிற்பவர் சொல்லிவிடுவார். அந்தத் தாயாரோ பிரசவத்தில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தபோது, ஒரு பகல் முழுவதும் வாந்தி எடுத்தவராக இருப்பார். குழந்தைக்குப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும் என்பதையும் அவரே அறிவார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசலாகாதென்று சும்மா இருந்துவிடுகிறார். இது மரியாதையாகலாம், ஆனால், குழந்தைக்கு உபகாரமன்று. சகோதரர்களே! டாக்டர் கேட்கும்போது குழந்தையின் தாயாரை முன்னே வரச்சொல்லுங்கள். தாய்மார்களே! கேளாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வேறொரு தடையும் உண்டு. குடும்பத்தில் இன்ன வியாதி இருக்கிறதென்று வெளிப்பட்டால், நாளைக்கு விவாக சம்பந்தம் பேசும்போது குறையாகுமென்று அஞ்சிச் சிலர் மறைக்கிறார்கள். இருதயத் துடிப்பில் பிறவிக் கோளாறு உண்டா, சிறு வயதிலே திடீர் மரணம் குடும்பத்தில் நேர்ந்ததுண்டா, இரத்தம் உறையாத குறை உண்டா, குழந்தைக்கு நீரிழிவு உண்டா என்று டாக்டர் கேட்பது வம்புக்காக அன்று. வாந்தியைத் தடுக்கும் மருந்துகளிலேயே ஒன்று இருதயக் கோளாறுள்ளவருக்கும், மற்றொன்று நீரிழிவுள்ளவருக்கும் யோசித்துக் கொடுக்க வேண்டியவை. நோயாளி சொன்னதை வெளியிடாதிருப்பது வைத்தியத் தொழிலின் தர்மம். சம்பந்தம் பேசப் பின்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. குழந்தையின் உயிர் இன்றைக்கு வேண்டும்.

நிற்க. இனிப் பட்டினியைப் பற்றிச் சொல்லுகிறேன். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் ஆகாரம் இருந்தால், அது மேலெழுந்து சுவாசப் பைக்குள் இறங்கி உயிருக்கு அபாயம் விளைக்கக்கூடும். ஆகையால் மயக்கத்திற்கு முன் கட்டியான ஆகாரமும் பசும்பாலும் 6 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், தெளிந்த நீர் 2 மணி நேரமும் நிறுத்தப்பட வேண்டுமென்பது பரவலான விதி. ஐரோப்பாவில் இப்போது தெளிந்த நீரைக் குழந்தைகளுக்கு 1 மணி நேரம் முன் வரையிலும் அனுமதிக்கிறார்கள். தெளிந்த நீர் என்பது தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சக்கையில்லாமல் வடிகட்டிய பழரசம் போன்றவை. பால் பார்வைக்கு நீராயினும், வயிற்றில் திரைந்து கட்டியாகிவிடும். பால் கலந்த காப்பியும் அப்படியே.

இவ்விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு விதமான பிசகுகள் நடக்கின்றன. ஒன்று, ஒளித்துக் கொடுப்பது. குழந்தை பசி தாங்காதென்று பாட்டியார் பிரியத்தால் அரை இட்லியோ ஒரு வாய்ப் பாலோ கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதிருப்பார். பின்பு தெரிந்தாலும், நாள் நட்சத்திரம் பார்த்து வைத்த வேளை தப்பிவிடுமேயென்று வீட்டார் டாக்டரிடம் மறைப்பார்கள். கொடுத்தது தெரிந்தால் சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. மறைத்தால் வரும் நஷ்டத்திற்கு ஈடில்லை. பாட்டியாரைக் கோபிக்காமல், காரணத்தை முந்தின நாளே அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பாட்டியாரே குழந்தைக்கு நல்ல காவலாவார்.

மற்றொன்று இதற்கு நேர்மாறு. "காலையில் ஒன்றும் கொடாதே" என்று சொன்னதைக் கேட்டு, முந்தின நாள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட குழந்தையை மறுநாள் நடுப்பகல் வரையில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் வைத்திருப்பார்கள். பதினாறு மணி நேரம்! அதிகமாகப் பட்டினி இருந்தால் அதிக நன்மை என்பது விரதத்திற்குச் சரியாகலாம், சிகிச்சைக்குச் சரியன்று. நீர் வற்றிய குழந்தை அழுது களைத்துப்போகும், நாடி தளரும், கண்விழித்த பின் குமட்டலும் அதற்கு அதிகப்படலாம். ஆகையால், "எத்தனை மணி வரையில் தண்ணீர் கொடுக்கலாம்?" என்று திட்டமாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அம்மணி வரையில் கொடுங்கள். இளநீர், கஷாயம், ஓமத்தண்ணீர் முதலியவற்றைக் கேளாமல் கொடுக்கவேண்டாம்.

இனி, வைத்தியர் செய்யக்கூடியவற்றுள் முதன்மையானது டெக்ஸாமெதஸோன் என்னும் மருந்து. சிகிச்சையின்போது நரம்பூசி வழியாக ஒரே தடவை கொடுப்பது. 2011-ஆம் வருஷத்தில் காக்ரேன் என்னும் வைத்திய ஆராய்ச்சி ஸ்தாபனம் 19 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, இம்மருந்து பெற்ற குழந்தைகளில் முதல் 24 மணி நேரத்தில் வாந்தி எடுத்தவர் தொகை, பெறாதவர்களிற் பாதியே. மென்மையான ஆகாரத்தையும் அவர்கள் சீக்கிரம் உட்கொண்டார்கள். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் சங்கம் 2011-லும், மறுபடி 2019-லும் வெளியிட்ட விதிகளில் இதனை உறுதியாகச் சிபாரிசு செய்திருக்கிறது. இம்மருந்தினால் இரத்தப்போக்கு அதிகமாகுமோ என்று 2008-இல் ஜெனீவாவில் நடந்த ஒரு பரிசோதனை ஐயத்தைக் கிளப்பியது. 2012-இல் அமெரிக்காவில் 314 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கவோ சிகிச்சை செய்யவோ வேண்டிய பெரிய இரத்தப்போக்கு இதனால் அதிகமாகவில்லையென்று காணப்பட்டது.

இரண்டாவது மருந்து ஆண்டான்ஸெட்ரான். இது புற்றுநோய் மருந்துகளால் வரும் கொடிய வாந்தியைத் தடுக்க உண்டாக்கப்பட்டது. குடலிலும் மூளையிலும் செரொடோனின் என்னும் வஸ்து வாந்தி நரம்புகளைத் தட்டியெழுப்பாதபடி இது வழியை அடைக்கிறது. இவ்விரண்டு மருந்துகளும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அதிகப் பலன் தருகிறது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதை டாக்டரே நிர்ணயிக்க வேண்டும்.

இவையன்றி, வாந்தி மிகுதியாக வரக்கூடிய குழந்தைக்கு ஆவி மருந்துக்குப் பதிலாக, பால் போல வெண்மையான புரோபஃபால் என்னும் மருந்தை நரம்பின் வழியே தொடர்ந்து செலுத்தி மயக்கம் கொடுக்கலாம். நைட்ரஸ் ஆக்ஸைடை விலக்கலாம். உடலுக்கு வேண்டிய உப்பு நீரை நரம்பு வழியாக நிறையக் கொடுக்கலாம். கண்விழிப்பதற்கு முன் தொண்டையிலும், மூக்கின் பின்புறத்திலும் தேங்கிய இரத்தத்தை உறிஞ்சி எடுப்பது அவசியம். பாரஸிட்டமால் முதலிய மருந்துகளால் நோவைத் தணித்து, அபினி வர்க்க மருந்துகளைக் கூடியமட்டும் குறைப்பதும் வாந்தியைக் குறைக்கும்.

அபினி வர்க்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோடீன் என்னும் மருந்தைச் சில குழந்தைகளின் தேகம், பிறவிக் குணத்தால், அதிவேகமாக மார்பைனாக மாற்றிவிடுகிறது. தொண்டைச் சதைச் சிகிச்சைக்குப் பின் இம்மருந்து பெற்ற குழந்தைகளிற் சிலர் மூச்சு நின்று இறந்தபடியால், அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து அதிகாரிகள் 2013-இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தார்கள். 2017-இல் டிராமடால் என்னும் மருந்தையும், இச்சிகிச்சைக்குப் பின் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கலாகாதென்றார்கள். வீட்டு அலமாரியில் மீந்திருக்கும் இருமல் மருந்திலும் கோடீன் இருக்கலாம். ஆகையால், பெரியவர் ஒருவருக்கு வாங்கிய மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரினும் ஆகாது, அது இரத்தப்போக்கை அதிகப்படுத்தும்.

சிகிச்சை முடிந்து குழந்தை கண்விழித்த பின், நம்முடைய கடமை தொடங்குகிறது. குழந்தையை மல்லாந்து படுக்க வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். அப்பொழுது வாந்தி வந்தாலும் வாய்வழி வெளியே போகும், மூச்சுக்குழாயில் இறங்காது. உறவினர் பலர் சூழ்ந்து நின்று தூக்கியும் அசைத்தும் கொஞ்ச வேண்டாம். அசைவு குமட்டலை எழுப்பும். வயிறு காலியாக இருக்கிறதேயென்று வற்புறுத்திப் பாலோ கஞ்சியோ புகட்டவேண்டாம். குடித்தாலன்றி வீட்டுக்கு அனுப்பமாட்டோமென்று கட்டாயப்படுத்திக் குடிப்பித்த குழந்தைகள், தாமாக வேண்டியபோது குடித்த குழந்தைகளைவிட அதிகம் வாந்தி எடுத்ததாக ஆராய்ச்சியிற் கண்டிருக்கிறது. குழந்தை தாகமென்று கேட்கும்போது, குளிர்ந்த நீரை ஒவ்வொரு மிடறாகக் கொடுங்கள். அது தங்கினால், பிறகு மெல்ல மெல்ல மென்மையான ஆகாரம். சிவப்பு நிறமுள்ள சர்பத்து முதலியவற்றை முதல் நாள் விலக்குவது நலம். வாந்தியில் வருவது சர்பத்தா இரத்தமா என்று தெரியாமற் போகும்.

ஆனால், குமட்டல் தீர்ந்த பின்னும், நோவுக்குப் பயந்து குழந்தை குடியாமலே இருந்தால் விட்டுவிடவும் கூடாது. நோவு மருந்தை வேளை தவறாமல் கொடுத்து, அது வேலை செய்யும் சமயம் பார்த்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்யவேண்டும்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளில் ஒன்றிரண்டு தடவை காப்பித் தூளைப்போலக் கறுத்த நிறமாக வாந்தி வந்தால், அது பெரும்பாலும் முன்பு விழுங்கிய பழைய இரத்தம். டாக்டரிடம் சொல்லுங்கள், பதற வேண்டாம். புதிய சிவந்த இரத்தம் வந்தாலோ, குழந்தை உறக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, வாந்தி ஓயாமல் வந்தாலோ, நாக்கு வறண்டு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதிருந்தாலோ, விடியட்டுமென்று காத்திராமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஒன்றும் ஊட்ட வேண்டாம். மறுபடி மயக்கம் கொடுக்க நேரலாம். இரத்தப்போக்கு முதல் நாளில் மட்டுமன்றி, 5-ஆம் நாள் முதல் 10-ஆம் நாள் வரையிலும் வரக்கூடும். ஆகையால், அந்த நாட்களில் ஆஸ்பத்திரி இல்லாத தூர ஊருக்குக் குலதெய்வ வழிபாட்டுக்கென்றோ, கல்யாணத்துக்கென்றோ குழந்தையை அழைத்துச் செல்லுதல் தகாது. நேர்த்திக்கடனை இரண்டு வாரம் கழித்துச் செலுத்தினால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

முடிவாக, நமது சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். டாக்டரிடம் கேட்கவேண்டியவற்றை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு, அங்கத்தினர் வீடுதோறும் கொடுத்தால் உபகாரமாயிருக்கும். அதில் ஐந்து கேள்விகள் போதும். (1) எத்தனை மணிக்கு ஆகாரத்தையும், எத்தனை மணிக்குத் தண்ணீரையும் நிறுத்த வேண்டும்? (2) எங்கள் குடும்பத்தில் இன்னாருக்குச் சிகிச்சைக்குப் பின் வாந்தி வந்தது. அதற்காக என்ன செய்வீர்கள்? (3) வாந்தியைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படுமா? (4) நோவுக்கு வீட்டில் எம்மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கொரு தரம்? (5) இரவில் இரத்தம் வந்தால் எங்கே, யாரிடம் வருவது?

இக்கேள்விகளைக் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகுமோ என்று கூச வேண்டாம். நல்ல வைத்தியர் இவற்றைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். ஒரு குழந்தையின் ஒரு நாள் வேதனையாவது இதனாற் குறையுமாயின், இக்கூட்டம் கூடியது வீண்போகவில்லை.